மடிச்ச இலை

குருவுக்கு வயசு இருபத்தஞ்சு. சீடனுக்கு முப்பத்தேழு. தலைகீழா இருக்கேன்னு நீங்க கேக்க வேண்டாம். அத சீடனே நாளுக்கு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டுதான் இருந்தான்.

சீடன் பேரு கோமதிநாயகம். பன்னெண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல செல்போன் ரிப்பேர் கடை வச்சிருந்தவன். போன் கெட்டுப் போச்சுன்னு கொண்டு வர்றவங்ககிட்ட, கெட்டது போனா உங்க புத்தியான்னு கேட்டே பாதி யாவாரத்தக் கெடுத்தவன். ஒரு நாள் கடையத் தம்பிகிட்ட விட்டுட்டு, படிச்சே தீருவேன்னு காலேஜுல போய்ச் சேந்தான். வகுப்புல அவன் ஒருத்தனுக்குத்தான் மீசை நரைச்சிருந்துச்சு. வாத்தியாரு பலகையில ஒரு வரி எழுதி முடிக்கதுக்குள்ள இவன் ரெண்டு தப்பு சொல்லுவான். அதுல ஒண்ணு நெசமாவே தப்பா இருக்கும். அதனால அவன் வாய யாராலயும் அடைக்க முடியல.

குரு பேரு ஜெபஷீலா. நெட்வொர்க் லேப் டீச்சர். ஆளும் சின்ன உருவம், பேச்சு அதவிடச் சின்னது. கோமதி கத்திக்கிட்டு வந்தான்னா அவங்க டம்ளர்ல டீ ஊத்திக்கிடுவாங்க. அவன் கத்தி முடிக்கும்போது டீயும் முடிஞ்சிருக்கும். "சரி அண்ணாச்சி"ம்பாங்க. அம்புட்டுத்தான். அந்த 'சரி'யக் கேட்டாலே அவனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். ஒண்ணு தப்புன்னு சொல்லணும், இல்ல ரைட்டுன்னு சொல்லணும், நடுவுல நின்னுக்கிட்டு டீ குடிக்கிறவங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு லேபுக்கு வெளிய நின்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுவான். உள்ள டம்ளர் கழுவுற சத்தம் மட்டும் வரும்.

பரீட்சைக்குப் பதிலா அவன் எழுதிக் குடுக்க வேண்டியது ஒரு டீமன். பேரக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஓரமா உக்காந்து, யாரும் கூப்பிடாமலே வேலை பாத்துக்கிட்டு இருக்கிற புரோகிராமுக்கு அப்படி ஒரு பேரு. ஊர்ல டவுன் பஞ்சாயத்துக்கு இருபத்தாறு தண்ணித் தொட்டி. ஒவ்வொண்ணுலயும் கோமதி ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தான். தண்ணி எவ்வளவு இருக்குன்னு பெட்டி டீமனுக்குச் சொல்லும். தொட்டி நெறஞ்சா, 'மோட்டார நிறுத்து'ன்னு டீமன் பெட்டிக்குச் சொல்லும். ஆளு ஏறி எட்டிப் பாக்க வேண்டிய வேலையே இல்ல. இத அவன் ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தான். சொல்லாத டீக்கடை கிடையாது.

பெட்டிக எல்லாம் டீமனுக்குப் போன் போட்டு லைன்லயே நிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த லைனுக்கு சாக்கெட்டுன்னு பேரு. லைன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. டீமன் சுத்திச் சுத்தி வரும். சுத்துக்கு ஒரு பட்டியல் எடுக்கும். எந்த நம்பர்கிட்ட என்ன கேக்கணும், எந்த நம்பருக்கு என்ன சொல்லணும்னு அதுல இருக்கும். மேலருந்து கீழ வரைக்கும் ஒவ்வொண்ணா முடிச்சிட்டு அடுத்த சுத்துக்குப் போகும். நடுவுல ஏதாவது லைன் செத்துப் போனா அத மூடணும். மூடினா அந்த நம்பர் காலி. அடுத்து எவன் லைன்ல வர்றானோ அவனுக்கு அதே நம்பர் கிடைக்கும்.

இதுலதான் வினை வந்துச்சு.

ஒரு செவ்வாக்கிழமை, பிள்ளையார் கோயில் தெருத் தொட்டி நெறஞ்சிருச்சு. பட்டியல்ல 'பதினாலாம் நம்பருக்கு, நிறுத்து'ன்னு ஏறியாச்சு. அது வரிசையில வர்றதுக்குள்ள அந்தப் பதினாலாம் லைன் செத்துப் போச்சு. கோமதியோட டீமன் சுறுசுறுப்பா அத உடனே மூடுச்சு. அந்த நேரம் பாத்து ரைஸ்மில் தெருப் பெட்டி புதுசா லைன்ல வந்துச்சு. அதுக்குப் பதினாலாம் நம்பர் கிடைச்சுச்சு. பட்டியல்ல கீழ இருந்த 'நிறுத்து' நேரா அதுகிட்டப் போயிருச்சு.

ரைஸ்மில் தெருவுல பாதித் தொட்டியிலயே மோட்டார் நின்னுச்சு. பிள்ளையார் கோயில் தெருவுல நிக்கவே இல்ல. தொட்டி வழிஞ்சு, தெருவுல பாயில காயப் போட்டிருந்த மூணு வீட்டு வடகம் கரைஞ்சு ஓடுச்சு. அந்த ரெண்டு தெருவும் அதுவரைக்கும் எதுலயும் ஒத்துப் போனதில்ல. அன்னைக்கு ஒத்துப் போச்சு. இந்தத் தெரு காலிக் குடத்தோடயும் அந்தத் தெரு ஈரப் பாயோடயும் ஒண்ணா பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுது.

நிர்வாக அதிகாரி கோமதியக் கூப்பிட்டு விட்டாரு. கோமதி ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னான். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, வடகத்துக்கு என்ன பதில்னு கேட்டாரு. வர்ற திங்கக்கிழமை காலையில தானே வந்து பெட்டி ஒயரப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிப் பாக்கப் போறதாகவும், ஒரு உத்தரவு இடம் மாறிப் போனாலும் அன்னைக்கே இருபத்தாறு பெட்டியையும் கழட்டி அவன் கையில குடுக்கப் போறதாகவும் சொன்னாரு.

பெட்டி கழண்டா படிப்பும் கழண்ட மாதிரி. மறுபடியும் கடைக்குத்தான் போகணும். தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டான், ஸ்டூல மட்டும் இழுத்துப் போடுவான்.

கை கட்டி உக்காந்திருக்கிற ஆளு இல்ல அவன். செத்த லைன எங்கெங்க மூடுறோமோ அங்கெல்லாம் காவல் போட்டான். மூடுற இடம் மொத்தம் பதினொண்ணு. 'செத்தாச்சா'ன்னு ஒண்ணு எழுதினான். செத்தத மூடுறதுக்கு முன்னால அது கேக்கும். அது பத்தலன்னு 'நெசமாவே செத்தாச்சா'ன்னு இன்னொண்ணு. பதினொரு இடத்துல ஒரு இடம் மூடுனத இன்னொரு இடம் மறுபடியும் மூடப் போச்சு, அதுக்காக 'ஏற்கெனவே செத்தாச்சா'ன்னு மூணாவது. செத்த லைன மூடுற வேலைக்கு மட்டும் அறுநூத்திச் சொச்சம் வரி. புதன்கிழமை ஓட்டிப் பாத்தான், வேற ரெண்டு தெரு மாறிப் போச்சு. வியாழக்கிழமை இன்னும் எம்பது வரி சேத்தான், டீமனே படுத்திருச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லேபுக்குள்ள வந்தான். வரும்போதே ஆரம்பிச்சுட்டான். பெட்டி செஞ்ச கம்பெனியத் திட்டினான். சிக்னலத் திட்டினான். செத்துப் போன நம்பர உடனே அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுக்கிற புத்தி எவனுக்கு வந்துச்சுன்னு கேட்டான். வடகத்தத் தெருவுல காயப் போடச் சொன்னது யாருன்னும் கேட்டான்.

டீச்சர் டீய ஊத்தினாங்க. அவன் மூச்சு வாங்குனப்போ கேட்டாங்க.

"இது கேள்வியா அண்ணாச்சி, சண்டையா?"

அவன் வாயத் தொறந்தான். சண்டைன்னு சொல்லத்தான் தொறந்தான். என்னமோ தெரியல, கண்ணு முன்னால அந்த ஸ்டூல் வந்து நின்னுச்சு. பக்கத்து நாற்காலியில பொத்துன்னு உக்காந்தான்.

"செத்த லைன எப்போ மூடணும்? எனக்குத் தெரியல டீச்சர்."

டீச்சர் டம்ளரக் கீழ வச்சாங்க. பாதி டீ அதுல இருந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு ரயில்வே கேட் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு வாங்க. வெள்ளச் சட்டை வேண்டாம்."

"எனக்குத் திங்கக்கிழமை கெடு. நான் கல்யாணச் சாப்பாட்டுக்கு வரணுமா?"

"சாப்பிட இல்ல அண்ணாச்சி. இலை எடுக்க."

டீச்சரோட அம்மா சமையல் காண்ட்ராக்ட். வாரத்துல அஞ்சு நாள் லேபு, ஞாயித்துக்கிழமையானா டீச்சருக்குப் பந்தி மேற்பார்வை. இது காலேஜுல எல்லாருக்கும் தெரியும், கோமதிக்கும் தெரியும். ஆனா கேள்வி கேட்ட சீடன எச்சில் இலை எடுக்கக் கூப்பிடுவாங்கன்னு அவன் கனவுலயும் நினைக்கல. ரெண்டு நாளும் மனசுக்குள்ள டீச்சரோட சண்ட போட்டான். எல்லாத்துலயும் அவன்தான் ஜெயிச்சான். ஞாயித்துக்கிழமை பத்தேகாலுக்கே மண்டபத்துல நின்னான்.

டீச்சர் தலையில துண்டக் கட்டிக்கிட்டு, கையில ஒரு பெரிய கூடையோட வந்தாங்க. மூணாவது வரிசையக் காட்டினாங்க. முப்பது இலை. ரசம் வந்துக்கிட்டு இருந்துச்சு.

"இந்த வரிசை உங்களுக்கு. எப்படி எடுக்கணும்னு நான் சொல்லல. உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்படி எடுங்க."

கோமதிக்கு இது புடிச்சுச்சு. முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சு விட்டான். ஒரு வேலைய எடுத்தா சுணங்காம முடிக்கணும்கிறது அவன் கொள்கை. அஞ்சாவது இலைக்காரர் மோருக்குக் காத்திருக்காம சட்டுன்னு மடிச்சிட்டு எந்திச்சாரு. அவரு கை கழுவுற குழாய்க்குப் போறதுக்குள்ள இலை கூடைக்குள்ள இருந்துச்சு. மேஜையத் துடைச்சாச்சு. பின்னால இடத்துக்குக் காத்து நின்னுக்கிட்டு இருந்த ஆளு டபக்குன்னு உக்காந்தாரு. கோமதியே ஒரு புது இலையப் போட்டு, தண்ணியும் வச்சான். ஒரு இடம் கூடக் காலியா இருக்கக் கூடாது பாருங்க.

உக்காந்தவரு எழுபது வயசுப் பெரியவரு. வெள்ள வேட்டி, தோள்ல சரிகைத் துண்டு. இலையில தண்ணி தெளிச்சு, கையால தடவி விட்டு, ஆசையா நிமிந்து பாத்தாரு. அந்த நேரம் மோர் வாளிக்காரன் வரிசையில வந்தான். அவனுக்கு மூணாவது வரிசைன்னா மோர். அஞ்சாவது இலையில மோர ஊத்திட்டுப் போயிட்டான்.

பெரியவரு இலையப் பாத்தாரு. சோறு இல்ல, கூட்டு இல்ல, உப்பு கூட இல்ல. நட்ட நடு இலையில மோர் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

"என்னவே இது. கீழருந்து மேல போற கல்யாணமா?"

பக்கத்துல சிரிச்சாங்க. கோமதி அவருக்குச் சோத்தக் கேட்டு ஓடினான். சோத்துக்காரன் முதல் வரிசையில இருந்தான், வர மாட்டேன்னுட்டான். அவன் வர்றதுக்குள்ள பாயாசம் வாங்கி ஒப்பேத்தலாம்னு போனா, பாயாசக்காரன் மூணாவது வரிசைக்குத்தான் ஏற்கெனவே ஊத்தியாச்சேன்னான்.

திரும்பி வந்தா பன்னெண்டாவது இடத்துல சண்டை. அங்க இருந்தவரு போன் வந்துச்சுன்னு எந்திச்சு வெளிய போயிருக்காரு. பக்கத்துல ஓடுன பெரிய ஃபேன் அவரு இலையோட ஒரு ஓரத்தத் தூக்கி மடக்கியிருக்கு. போற போக்குல கோமதி அதையும் எடுத்துட்டான். உள்ள ரெண்டு வடை இருந்திருக்கு. கடைசியா சாப்பிடலாம்னு ஒதுக்கி வச்ச வடையாம். இப்போ அவரு நாற்காலியில வேற ஒரு அம்மா உக்காந்துக்கிட்டு, நான் என்ன பண்ணுவேன், இலை இருந்துச்சு, உக்காந்தேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அவங்க இலையில வெறும் தாம்பூலப் பை. அத சாப்பாட்டுக் கடைசியில குடுக்கிறவன் குடுத்துட்டுப் போயிருந்தான்.

கோமதிக்கு வேர்த்துச்சு. சரி, இனிமே உசாரா இருப்போம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் குனிஞ்சு கேக்க ஆரம்பிச்சான். முடிச்சிட்டீங்களா. நெசமாவே முடிச்சிட்டீங்களா. பதினேழாவது ஆளு ரெண்டு தடவையும் தலையாட்டினாரு. எதுக்கும் இருக்கட்டும்னு கோமதி மூணாவது தடவையும் கேட்டான்.

"ஏம்பா, இலைய மடிச்சாச்சுல்ல. இனி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

கேட்டவரு சாதாரணமாத்தான் கேட்டாரு. கோமதி கூடையோட அப்படியே நின்னுட்டான். 'செத்தாச்சா', 'நெசமாவே செத்தாச்சா', 'ஏற்கெனவே செத்தாச்சா' மூணும் அவன் காதுக்குள்ள வரிசையா கேட்டுச்சு.

டீச்சர் வந்து அவன் கையிலருந்து கூடைய வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் திட்டல. வடை போனவருக்கு மூணு வடை வந்துச்சு. பெரியவருக்கு அடுத்த பந்தியில, நடு வரிசையில புது இலை, உப்புலருந்து முறையா. அப்புறம் டீச்சர் கோமதியக் கூட்டிக்கிட்டுப் போய் அதே வரிசையில உக்கார வச்சாங்க.

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"எனக்குப் பசிக்கல."

"அப்போ பாருங்க."

நல்ல அவியல். பசிக்கலன்னவன் ரெண்டு தடவ வாங்கினான். ஆனா மனசு இலையில இல்ல. கண்ணு டீச்சர் மேலயே இருந்துச்சு. அவங்க வரிசையோட ஒரு கோடியில கூடைய வச்சுக்கிட்டு, சுவத்துல சாஞ்சு சும்மா நின்னுக்கிட்டு இருந்தாங்க.

ஏழாவது ஆளு மடிச்சாரு. டீச்சர் நகரல. பத்தாவது ஆளு மடிச்சாரு. டீச்சர் கொட்டாவி விட்டாங்க. மடிச்ச இலை மடிச்சபடியே கெடந்துச்சு. ரசக்காரன் வந்தான். தொறந்த இலையில எல்லாம் ஊத்தினான். மடிச்ச இலைய ஒரு பார்வை பாத்துட்டுத் தாண்டிப் போனான். நிக்கல, கேக்கல. பாயாசக்காரனும் அப்படித்தான். பின்னால காத்துக்கிட்டு நின்ன ஆளுங்களும் முணுமுணுத்தாங்களே தவிர, மடிச்ச இலைக்கு முன்னால யாரும் வந்து உக்காரல.

கோமதிக்குக் கைகால் பரபரன்னு வந்துச்சு. செத்த லைனும் மடிச்ச இலைதான். உடனே வீட்டுக்கு ஓடணும், கம்ப்யூட்டரத் தொறக்கணும். தன் இலையத் தன் பக்கமா மடிச்சான். எந்திக்கப் போனான்.

பக்கத்துல ஒரு கை அவன் வேட்டி நுனியப் பிடிச்சு இழுத்துச்சு. பாத்தா, அந்த மோர்ப் பெரியவரு. உப்புலருந்து மறுபடி ஆரம்பிச்சவரு இப்போதான் ரசத்துக்கு வந்திருந்தாரு.

"இருவே. நான் இன்னும் முடிக்கல."

கோமதி உக்காந்தான். பெரியவரு ரசத்த உறிஞ்சினாரு. பாயாசத்துல அப்பளத்த நொறுக்கிப் போட்டுப் பெசைஞ்சாரு. மோர இந்தத் தடவ முறையா, கடைசியா வாங்கி, கையில ஏந்திக் குடிச்சாரு. மடிச்சாரு. ஏப்பம் விட்டாரு. வரிசையில மிச்சம் இருந்தவங்க ஒண்ணா எந்திச்சாங்க.

அப்பதான் டீச்சர் சுவத்த விட்டு நகந்தாங்க. ஒரு கோடியில ஆரம்பிச்சு மறு கோடி வரைக்கும் நடந்தாங்க. நடையிலயே இலை கூடைக்குப் போச்சு. யாரையும் ஒண்ணும் கேக்கல. கோமதி மனசுக்குள்ள எண்ணிப் பாத்தான். அம்பது எண்ணுறதுக்குள்ள மேஜை மொத்தமும் சுத்தம். பின்னால நின்ன கூட்டம் மொத்தமா வந்து உக்காந்துச்சு. உப்புக்காரன் ஒண்ணாவது இலையிலருந்து ஆரம்பிச்சான்.

கை கழுவுற இடத்துல டீச்சரப் பிடிச்சான். அப்பவும் அவனுக்கு விட்டுக் குடுக்க மனசு வரல. மடிச்ச இலைக கால் மணி நேரம் சும்மா கெடக்கு, அம்புட்டு இடமும் வீணாப் போகுதேன்னு வாதாடினான்.

"கெடக்கட்டும்" அப்படின்னாங்க டீச்சர். "அது யாரையும் கடிக்காது."

மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுல கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்தான். அஞ்சு மணிக்கு எந்திச்சான். அந்த ரெண்டு மணி நேரத்துல அவன் எழுதினது கொஞ்சம், அழிச்சதுதான் நெறைய. மூடுற இடம் பதினொண்ணயும் அழிச்சான். 'செத்தாச்சா'வ அழிச்சான். 'நெசமாவே செத்தாச்சா'வ ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அழிச்சான். ரா கண் முழிச்சு எழுதினது அது. 'ஏற்கெனவே செத்தாச்சா'வுக்கு அழக் கூட நேரம் குடுக்கல.

லைன் செத்தா இப்போ டீமன் ஒண்ணே ஒண்ணுதான் செய்யும். அந்த நம்பருக்கு நேரா 'மடிச்சாச்சு'ன்னு ஒரு குறி. பட்டியல்ல கீழ அந்த நம்பருக்கு ஏதாவது இருந்தா, குறியப் பாத்துட்டுத் தாண்டிப் போகும். பட்டியல் முழுசா முடிஞ்ச பெறகு, சுத்தோட கடைசியில ஒரே ஒரு இடம். அங்க மடிச்சது எல்லாத்தையும் ஒரு கோடியிலருந்து மறு கோடி வரைக்கும் மூடிட்டு வந்திரும். மூடுன பெறகுதான் வாசல்ல நிக்கிற புது ஆளுக்கு நம்பர். போய்ச் சேராத உத்தரவு, பெட்டி திரும்ப லைன்ல வரும்போது தொட்டி அளவப் பாத்து மறுபடி போகும். அறுநூத்திச் சொச்சம் வரி இருந்த இடத்துல பத்தொம்பது வரி. எண்ணினான். நம்பாம மறுபடி எண்ணினான்.

திங்கக்கிழமை நிர்வாக அதிகாரி சொன்னபடியே வந்தாரு. பிள்ளையார் கோயில் தெருவும் ரைஸ்மில் தெருவும் பின்னாலயே வந்துச்சு, ஒருத்தரும் நல்லது நடக்கும்னு வரல. அவரு ஒரு பெட்டி ஒயரப் பிடுங்கினாரு. மாட்டினாரு. அஞ்சு தெருவுக்கு ஆள அனுப்பி ஒரே நேரத்துல அஞ்சையும் பிடுங்கச் சொன்னாரு, மாத்தி மாத்தி மாட்டச் சொன்னாரு. கோமதி வாய மூடிக்கிட்டு நிக்கிறதப் பாத்தே பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்திருச்சு.

ஒரு மணி நேரம் ஆச்சு. நெறஞ்ச தொட்டி மோட்டார்தான் நின்னுச்சு. நெறையாத தொட்டி மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஒரு உத்தரவு கூட இடம் மாறல.

என்ன பண்ணீங்கன்னு அதிகாரி கேட்டாரு. இலைய மடிச்ச உடனே எடுக்கலன்னான் கோமதி. அவரு இவன ஒரு மாதிரி பாத்துட்டு, தண்ணி ஒழுங்கா வந்தா சரின்னு ஜீப்புல ஏறிட்டாரு. வடகம் போட்ட வீட்டம்மா ஒருத்தங்க, இனிமே தெருவுல காயப் போடலாமான்னு கேட்டாங்க. தாராளமா போடுங்கம்மான்னான்.

நேரா லேபுக்குப் போனான். பத்தொம்பது வரியையும் காட்டினான். டீச்சர் படிச்சாங்க.

"சரி அண்ணாச்சி."

இந்தத் தடவ அந்த 'சரி' அவன் காதுல தேனா விழுந்துச்சு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் பழைய கோமதி உள்ளருந்து எந்திச்சான். மூணு மாசமா நான் காட்டுன ஒவ்வொரு வரியையும் படிச்சவங்கதானே நீங்க, பதினொரு இடத்துல மூடுறது தப்புன்னு மொத நாளே தெரிஞ்சிருக்கும்ல, பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு நாளும் டீயக் குடிச்சுக்கிட்டு 'சரி சரி'ன்னு சொன்னீங்களேன்னு பொரிஞ்சு தள்ளினான். வடகத்தையும் விடல. மூணு வீட்டு வடகம்னு விரல விட்டுக் காட்டினான்.

டீச்சர் டீய ஊத்தினாங்க. இந்தத் தடவ ரெண்டு டம்ளர்ல ஊத்தினாங்க. ஒண்ண அவன் பக்கம் நகத்தினாங்க.

"தெரிஞ்சிருந்தும் ஏன் டீச்சர் சொல்லல?"

"நீங்க வெள்ளிக்கிழமைதான 'தெரியல'ன்னு இலைய மடிச்சீங்க, அண்ணாச்சி."

கோமதி டம்ளரக் கையில எடுத்தான்.